பாலியல் வன்முறைக்கு ஆளான வளரிளம் பிள்ளைகளுக்கு மருத்துவ உதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிசோதனை அறைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில்தான் என் வேலையில் பாதி நடக்கிறது. உள்ளே போகப் பயந்து துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை, கையைப் பிசையும் அம்மா, உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருக்கும் அப்பா. ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களை உலக சுகாதார நிறுவனம் வளரிளம் பருவத்தினர் என்கிறது. அந்த வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது. எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"இப்பத்தான் விஷயம் தெரிஞ்சது. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, போலீசுக்கா?"

பிள்ளை இப்போது பத்திரமான இடத்தில் இருந்தால், ஆஸ்பத்திரிக்குத்தான். புகாரை நாளைக்கும் எழுதலாம். சில மருந்துகளை நாளைக்குக் கொடுத்தால் பலன் குறைந்துவிடும். ரத்தப்போக்கு, கடுமையான வயிற்று வலி, மயக்கம் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். கழுத்தை நெரித்திருந்தாலும் அப்படித்தான். வெளியே தடம் எதுவும் தெரியாமலே உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்மியிருந்தால், விழுங்கச் சிரமப்பட்டால் அதைத் தனியாக மருத்துவரிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் பல பேர் கேட்காமல் இதைச் சொல்வதில்லை.

பதிவு செய்யும் கவுன்டரில் நாலு பேர் நடுவே கதையைச் சொல்ல வேண்டியதில்லை. "அவசரம், டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று சொன்னால் போதும்.

"72 மணி நேரம், 72 மணி நேரம்னு சொல்றாங்களே, அது எதுக்கு?"

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்துக்கான கெடு அது. சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். மூன்று நாள் இருக்கிறதே என்று நினைத்துவிடாதீர்கள். எவ்வளவு சீக்கிரம் முதல் மாத்திரை உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது.

மற்றவற்றுக்கு வேறு கணக்கு. அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 120 மணி நேரம், அதாவது 5 நாள். அதிலும் முதல் நாள் கொடுப்பதற்கும் ஐந்தாம் நாள் கொடுப்பதற்கும் பலனில் வித்தியாசம் உண்டு. கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி முன்பே போடாதவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் போடுவது சிறப்பு. 14 நாள் வரை போடலாம். கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ் போன்ற பால்வினைத் தொற்றுகளுக்கு, சோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மருந்து கொடுத்துவிடுவது வளரிளம் பிள்ளைகளிடம் வழக்கம். மறுபடி வராமல் போய்விடுவார்களோ என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். காயத்தில் மண், அழுக்கு பட்டிருந்தால் டெட்டனஸ் ஊசியும் உண்டு.

"நாலு நாள் ஆயிடுச்சு. இனிமே போய் என்ன பிரயோஜனம்?"

மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். நாலாவது நாளில் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கான நேரம்தான் தாண்டியிருக்கிறது. கருத்தடை மாத்திரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தொற்றுகளுக்கான மருந்து, தடுப்பூசி எல்லாம் கிடைக்கும். நாலு மாதம், நாலு வருடம் கழித்து வருகிறவர்களும் உண்டு. சொல்லப்போனால் உடனே வருகிறவர்கள்தான் குறைவு. தாமதமாகச் சொன்னதால் பொய் என்று ஆகிவிடாது. "ஏன் அப்பவே சொல்லல?" என்ற ஒரு கேள்வியை மட்டும் தயவுசெய்து விழுங்கிவிடுங்கள்.

"குளிச்சிட்டா. போட்டிருந்த துணியையும் துவைச்சிட்டோம். எல்லாம் போச்சா?"

இல்லை. உடம்பில் பட்ட அழுக்கைக் கழுவ நினைப்பது யாருக்கும் முதலில் தோன்றுவது. அதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள். பிறப்புறுப்பில் இருந்து எடுக்கும் மாதிரியில் சில நாள் கழித்தும் தடயம் கிடைப்பதுண்டு. வாய்க்குள் இருப்பது ஒரு நாளில் போய்விடும். துவைத்த துணியில்கூட சில சமயம் கிடைக்கிறது. ஆகவே கையோடு கொண்டு வாருங்கள்.

துவைக்காத துணி இருந்தால் பிளாஸ்டிக் கவரில் கட்ட வேண்டாம். ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். மயக்க மருந்து ஏதும் கொடுத்திருப்பார்கள் என்று சந்தேகம் இருந்தால் முதல் சிறுநீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து வையுங்கள். சில மருந்துகள் 12 மணி நேரத்திலேயே சிறுநீரிலிருந்து மறைந்துவிடும். தடயம் இல்லை என்பதற்காகச் சிகிச்சையை யாரும் மறுக்கக் கூடாது. இரண்டும் தனித்தனி வேலை.

"அந்த அவசரக் கருத்தடை மாத்திரை கருவைக் கலைச்சிடுமா? பின்னாடி குழந்தை இல்லாமப் போயிடுமா?"

கலைக்காது, குழந்தை இல்லாமலும் போகாது. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதே அதன் வேலை. ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் அதை ஒன்றும் செய்யாது. கருப்பையையோ பிற்காலக் கருத்தரிப்பையோ அது பாதிப்பதில்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற வகை மாத்திரை என்றால் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. சாப்பிட்டு 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒரு முறை சாப்பிட வேண்டும். அடுத்த மாதவிடாய் சில நாள் முன்னேயோ பின்னேயோ வரலாம். 3 வாரம் ஆகியும் வரவில்லையென்றால் கர்ப்பச் சோதனை செய்யுங்கள்.

"அவ இன்னும் பெரிய மனுஷியே ஆகல. அவளுக்கு எதுக்கு கருத்தடை மாத்திரை?"

முதல் மாதவிடாய்க்கு முன்பே முதல் கருமுட்டை வெளிவரக்கூடும். ஆகவே மார்பு வளர்ச்சி தொடங்கிவிட்ட பெண்ணாக இருந்தால், மாதவிடாய் வராவிட்டாலும் மாத்திரை கொடுக்கச் சொல்வார்கள். இந்தப் பதிலைக் கேட்டுச் சில அம்மாக்களின் முகம் வாடிவிடும். ஒரு மாத்திரை கொடுத்ததால் அவள் சின்னப் பெண் என்பது மாறிவிடாது.

"28 நாள் மருந்து ரொம்பப் படுத்துது. பாதியில நிறுத்தலாமா?"

நிறுத்த வேண்டாம், முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். குமட்டல், தலைவலி, அசதி முதல் வாரத்தில் அதிகமாக இருந்து பிறகு குறையும். குமட்டலுக்குத் தனி மாத்திரை உண்டு. சாப்பாட்டோடு போட்டாலும் கொஞ்சம் தாங்கும். இன்னொரு விஷயம்: இந்த மருந்தில் டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து இருந்தால், வெறும் வயிற்றில் இரும்புச்சத்து அல்லது கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. வளரிளம் பெண்கள் பலர் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான். ஏற்கெனவே என்னென்ன சாப்பிடுகிறாள் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் மருந்து நின்றுபோவதற்குக் காரணம் குமட்டல்கூட இல்லை. "இது என்ன மாத்திரை?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான். ஒரு பெண் தன் போனில் இரவு எட்டரைக்கு அலாரம் வைத்து அதற்கு 'கணக்கு டியூஷன்' என்று பெயர் வைத்திருந்தாள். 28 நாளில் ஒரு நாளும் தவறவில்லை. என்ன பொய் சொல்லலாம் என்று பிள்ளையோடு உட்கார்ந்து யோசிப்பதும் மருத்துவ உதவிதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

"உள்ளே என்ன செய்வாங்க? வலிக்குமா?"

இதைக் கேட்பது பிள்ளைகள். அதனால் அவர்களுக்கே பதில் சொல்கிறேன். முதலில் பேச்சு. என்ன நடந்தது, எங்கே வலிக்கிறது, கடைசி மாதவிடாய் எப்போது. பிறகு தலை முதல் கால் வரை பார்ப்பார்கள். முழு உடையையும் ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம்; பார்க்கிற இடத்தை மட்டும் திறந்து, மற்ற இடத்தைத் துணியால் மூடி வைப்பார்கள். பிறப்புறுப்பை வெளியிலிருந்து பார்ப்பதே பல பேருக்குப் போதும். உள்ளே கருவி விட்டுப் பார்ப்பது ரத்தப்போக்கு போன்ற காரணம் இருந்தால்தான். தொற்றுச் சோதனைக்குச் சிறுநீர் போதும் என்ற வசதி பல இடங்களில் இருக்கிறது. தடயத்துக்குப் பஞ்சு சுற்றிய குச்சியால் லேசாகத் தடவி எடுப்பார்கள். காயம் இருந்தால் எரியும். ரத்தம் எடுக்கும் ஊசி குத்துகிற வலி உண்டு.

முக்கியமானது இது: நீ எப்போது வேண்டுமானாலும் "நிறுத்துங்க" என்று சொல்லலாம். ஒன்றுக்குச் சரி என்று சொல்லிவிட்டு அடுத்ததற்கு வேண்டாம் என்று சொல்லலாம். பெண் டாக்டர் வேண்டும், ஆண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். நான் பார்த்த நல்ல மருத்துவர் ஒருவர், குச்சியை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்து, "முதல்ல உன் உள்ளங்கையில தடவிப் பாரு, இவ்வளவுதான்" என்பார். பிறகு, "கையைத் தூக்கினா நான் நிறுத்திடுவேன்" என்பார். அவரிடம் வந்த ஒரு பெண் ஆறு முறை கையைத் தூக்கினாள். ஆறு முறையும் அவர் நிறுத்தினார். ஏழாவது முறை அவள் தூக்கவில்லை.

"நான் அம்மா. நான் கூட இருக்கக் கூடாதா?"

இருக்கலாம், பிள்ளை ஆசைப்பட்டால். பரிசோதனை நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்ள அம்மா வேண்டும் என்று பல பேர் கேட்பார்கள். பேச்சு நடக்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்வார்கள். உங்கள் மேல் சந்தேகத்தால் அல்ல. உங்கள் முகம் மாறுவதைப் பார்த்துப் பாதியைச் சொல்லாமல் விழுங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மாவை வேண்டாம், அத்தையோ அக்காவோ போதும் என்று சொன்னாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"டாக்டர் 'நார்மல்'னு எழுதிட்டாரே. அப்படின்னா ஒண்ணும் நடக்கலியா?"

இந்த ஒரு வார்த்தையால் குடும்பங்கள் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நார்மல் என்றால் காயம் இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்துத் தசை விரிந்து கொடுக்கும் தன்மை உள்ளது. சிறு காயம் சில நாளில் தடமில்லாமல் ஆறிவிடும். தொடுதல், வாய்வழி வன்முறை போன்றவை காயமே ஏற்படுத்தாமல் நடப்பவை. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில் கர்ப்பமாக இருந்த 36 வளரிளம் பெண்களின் பரிசோதனையைப் பார்த்தார்கள். அவர்களில் 2 பேரிடம் மட்டுமே உடலுறவு நடந்ததற்கான தெளிவான அடையாளம் உடலில் இருந்தது. கர்ப்பமானவர்களிடமே அப்படியென்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

'கன்னித்தன்மை சோதனை' என்று விரலை விட்டுப் பார்ப்பதற்கு மருத்துவத்தில் எந்த அடிப்படையும் கிடையாது. அதை ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் வேறு அமைப்புகளும் 2018-ல் அறிவித்தன. யாராவது செய்யப் புறப்பட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அறிக்கையில் 'உடலுறவுக்குப் பழக்கப்பட்டவள்' என்ற மாதிரி எழுதினால் திருத்தச் சொல்லிக் கேளுங்கள்.

"ஏன் கத்தல, ஏன் ஓடல? எனக்கே அது புரியல"

வெளியார் கேட்டால் வேறு தொனியில் பதில் சொல்லியிருப்பேன். இதைக் கேட்டது ஒரு பதினைந்து வயதுப் பெண், தன்னைப் பற்றி. பயம் உச்சத்துக்குப் போனால் உடம்பு மரத்துப்போய் அசையாமல் நின்றுவிடும். நாம் எடுக்கிற முடிவு இல்லை அது. வன்புணர்வுக்குப் பின் ஸ்டாக்ஹோமில் ஒரு மருத்துவமனைக்கு வந்த 298 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. 70 சதவீதம் பேர் அப்படி உறைந்துபோனதாகச் சொன்னார்கள். பதினைந்து வயதில் நீ உறைந்ததில் என்ன அதிசயம்?

"பையனுக்கும் இதெல்லாம் உண்டா?"

உண்டு. கருத்தடை மாத்திரையைத் தவிர மேலே சொன்ன மருந்து, தடுப்பூசி, சோதனை எல்லாம் அவனுக்கும்தான், அதே நேரக் கணக்கில். ஆசனவாயில் காயம், தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலம் கழிக்கும்போது வலி, ரத்தம் இருந்தால் சொல்ல வேண்டும். பையன்கள் கடைசிவரை வாய் திறக்காத கேள்வி ஒன்று இருக்கிறது: என் உடம்பு ஏன் எழுச்சி காட்டியது? கண்ணில் தூசி விழுந்தால் நீர் வருகிற மாதிரி, அது உடம்பின் தன்னியக்கம். விருப்பம் என்று அர்த்தமே இல்லை. இதை யாராவது ஒரு பெரியவர் அவன் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

"எங்களுக்கு கேஸ் வேண்டாம். சிகிச்சை மட்டும் தருவாங்களா?"

தர வேண்டும். புகார் இருந்தால்தான் வைத்தியம் என்று நிபந்தனை போடுவது மருத்துவ நெறிக்கே எதிரானது. ஆனால் 18 வயதுக்குக் கீழ் என்றால், தெரியவந்ததை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டக் கடமை பல நாடுகளில் மருத்துவருக்கும் ஆசிரியருக்கும் உண்டு. அதைப் பிள்ளை பேசி முடித்த பிறகு சொல்வது நம்பிக்கைத் துரோகம். பேச்சைத் தொடங்கும் முன்பே, "எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது?" என்று கேட்டுவிடுங்கள்.

தகவல் போவது வேறு, தடயம் எடுக்கச் சம்மதிப்பது வேறு, வழக்கு நடத்துவது வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கும் படிவங்களை நான் நம்புவதில்லை.

"நாள் தள்ளிப்போயிருக்கு. பயமா இருக்கு"

இன்றைக்கே சிறுநீர்ச் சோதனை செய்யுங்கள். கருக்கலைப்புச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, ஆனால் பல இடங்களில் வாரக் கணக்குதான். சீக்கிரம் செய்தால் ஆபத்து குறைவு, வழிகளும் அதிகம். நாட்டு மருந்து, தெரியாத கடையில் வாங்கிய மாத்திரை எதுவும் வேண்டாம். தொடர வேண்டும் என்று பெண் நினைத்தால், வளரிளம் வயதுக் கர்ப்பத்தில் ரத்தசோகை, ரத்த அழுத்தம் போன்ற சிக்கல்கள் அதிகம் என்பதால் பரிசோதனைகளைத் தவற விடக் கூடாது. முடிவைப் பற்றி வீட்டில் பத்துப் பேர் பேசும்போது, அவளிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மறுபடி எத்தனை தடவை வரணும்?"

ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் ஒருமுறை, காயமும் மருந்தும் எப்படி இருக்கிறது என்று பார்க்க. எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனைகள் முதல் நாளும், சுமார் 6 வாரத்திலும், 3 மாதத்திலும். கல்லீரல் அழற்சி பி ஊசியின் மிச்சத் தவணைகள் பொதுவாக 1, 6 மாதங்களில். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸுக்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி போடவில்லை என்றால் இந்த வருகைகளிலேயே தொடங்கிவிடலாம்.

"ராத்திரி தூங்கறதே இல்ல. தூக்க மாத்திரை கொடுக்கலாமா? நடந்ததைத் திரும்பத் திரும்பப் பேச வைக்கணுமா?"

இரண்டும் வேண்டாம். முதல் மாதத்தில் வரும் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் டையசிபாம் வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நடந்த அன்றோ மறுநாளோ உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டச் செய்வதும் உதவுவதில்லை. கெட்ட கனவு, திடுக்கிடல், எரிச்சல், படிப்பில் கவனமின்மை எல்லாம் முதல் சில வாரங்களில் வரும். பல பேருக்குத் தானாகக் குறையும். விளக்கு எரிய விட்டுத் தூங்கட்டும், யாராவது பக்கத்தில் படுக்கட்டும், பள்ளிக்கூட நேரம் பழையபடி ஓடட்டும். சொல்ல வந்தால் கேளுங்கள், தோண்டாதீர்கள்.

ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் மனநல நிபுணரிடம் போக வேண்டும். அதிர்ச்சியை மையப்படுத்திய அறிதல் நடத்தை சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. பொதுவாகப் பன்னிரண்டு அமர்வுகளாவது ஆகும். அங்கே நடந்ததைப் பேசுவார்கள், ஆனால் பாதுகாப்பான வேகத்தில். கையைக் கீறிக்கொண்டால், சாக வேண்டும் என்று சொன்னால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே போங்கள். சாக நினைக்கிறாயா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் உள்ள மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், அந்த 28 நாள் மருந்தையும் சேர்த்து.

"செஞ்சது வீட்டு ஆளு. வீட்டுக்கு எப்படித் திரும்பப் போறது?"

போகக் கூடாது, அந்த ஆள் அங்கே இருக்கும்வரை. ஆஸ்பத்திரியிலேயே இதைச் சொல்லுங்கள். காயம் பெரிதாக இல்லாவிட்டாலும், பாதுகாப்பான இடம் கிடைக்கும்வரை உள்நோயாளியாக வைத்திருக்கச் சொல்லிக் கேட்கலாம். வெளியேற வேண்டியவர் பிள்ளைதான் என்று வீடு முடிவு செய்துவிடும், அதைப் பலமுறை பார்த்துவிட்டேன். காப்பகம் தேவைப்பட்டால் போகட்டும், ஆனால் பள்ளிக்கூடமும் தோழிகளும் அறுந்துபோகாத ஏற்பாட்டை முதலில் தேடுங்கள். மேலே அம்மாவை வெளியே இருக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: கூட வந்திருப்பவர் யார் என்று எங்களுக்கு முதலில் தெரியாது.

"போட்டோ வச்சிருக்கான். ஆஸ்பத்திரிக்குப் போனா நெட்ல போட்டுடுவேன்னு மிரட்டுறான்"

மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள், பணம் அனுப்பாதீர்கள், பதில் பேசாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஆனால் அந்தப் படத்தை வேறு யாருக்கும், உதவி கேட்டுக்கூட, அனுப்ப வேண்டாம். 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போன்ற ஓர் எண் மட்டும் போகும். அதை வைத்து, சேர்ந்திருக்கும் தளங்கள் படத்தை அடையாளம் கண்டு நீக்கும். மருந்துக்கான நேரம் அவன் மிரட்டலுக்காக நிற்காது, அதனால் இதையெல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம்.

"என் ஃபிரெண்ட் என்கிட்ட மட்டும் சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டா. நான் என்ன செய்ய?"

"நான் உன்னை நம்புறேன், தப்பு உன் மேல இல்ல" என்று முதலில் சொல். பிறகு எப்போது நடந்தது என்று கேள். மேலே உள்ள மணிக் கணக்கு உனக்குத் தெரியும் இப்போது. அவள் நம்புகிற பெரியவர் யார் என்று அவளையே சொல்லச் சொல். டீச்சரோ, சித்தியோ, பள்ளி நர்ஸோ, யாராக இருந்தாலும் சரி. நீயும் கூட வருகிறேன் என்று சொல். அவள் உயிருக்கு ஆபத்து என்றால், இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றால், சத்தியத்தை மீறித்தான் ஆக வேண்டும். அதையும் மறைவில் செய்யாதே. "நான் சொல்லப் போறேன், உன்னோட வந்து சொல்றேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுச் செய். கொஞ்ச நாள் பேசாமல் இருப்பாள். மதிய இடைவேளையில் அவள் பக்கத்து இடத்தைக் காலியாக விடாதே.